தந்திக்காரர் எங்கள் வாசலைத் தாண்டினார்

செப்டம்பர் 1965, செவ்வாய் இரவு

மாலையில் தந்திக்காரர் வீட்டு எண்களைப் பார்த்தபடி எங்கள் தெருவில் வந்தார். எல்லையில் சண்டை நடக்கிறது. என் மகன் தாவீதும் அடுத்த வீட்டு அஞ்சலையின் மகன் முருகனும் பீங்கான் கம்பெனி வேலையை விட்டு ஒன்றாகப் பட்டாளத்துக்குப் போனவர்கள். "ஆண்டவரே, எங்கள் வீடு வேண்டாம்" என்று வேண்டினேன். தந்திக்காரர் எங்கள் வாசலைத் தாண்டினார். "ஸ்தோத்திரம்" என்றேன். உடனே அஞ்சலையின் அலறல் கேட்டது. முருகன் இறந்துவிட்டான்.

ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, தெனமும் ஜெபம் பண்றீங்களே, எம் புள்ளைக்கும் கேட்டீங்களா?" என்றாள்.

ஒருநாளும் கேட்டதில்லை. "கேட்டேன்" என்றேன்.

இப்போது மண்டியிட்டபோது தாவீதின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. அஞ்சலைக்காக மட்டும் வேண்டிக்கொண்டு எழுந்தேன்.