உன் முறைக்கும் நானே உட்காருகிறேன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. உன் மனைவியும் மகளும் நலம், நானும் நலந்தான், கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பிள்ளை பிறந்த அன்று எத்தனை தடவை கூப்பிட்டும் அம்மா போனை எடுக்கவில்லை என்று உன் தங்கச்சியிடம் குதித்தாயாம். எடுக்கக் கை வேண்டாமா ராசா? மருமகளுக்கு ஆபரேஷன் முடிய நேரமாகிவிட்டது, நான் துவைத்து மடித்த குட்டிச் சட்டை, தொப்பி எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே காத்திருக்கிறேன், மருத்துவச்சி பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தவள் என் பையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அப்பா எங்கே என்றாள். ஊரில் இல்லை என்றேன். அம்மா வெளிய வர்ற வரைக்கும் ஒரு நெஞ்சுச் சூடு வேணும், அப்ப நீங்க வாங்க பாட்டி, ரவிக்கையைக் கழட்டிட்டு இந்த அங்கியை முன்பக்கம் திறந்த மாதிரி போட்டுக்கங்க என்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சம்பந்தியம்மாவைக் கைகாட்டலாம் என்றால் இருமலோடு வந்ததால் அவரை உள்ளேயே விடவில்லை. இம்மாம்பெரிய ஆஸ்பத்திரில சூடு காட்ட ஒரு பெட்டி கிடையாதா என்று சத்தம் போட்டேன். இருக்கு பாட்டி, அது மூச்சு விடாதே என்று சிரிக்கிறாள்.

திரைக்குப் பின்னால் சாய்வு நாற்காலியில் என்னை உட்காரவைத்து, பிள்ளையை வெறும் உடம்போடு நெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து, மூக்கு மறையாமல் தலையை ஒருபக்கம் திருப்பி, மேலே போர்வை போட்டாள். நான் கொண்டுபோன அத்தனையிலும் தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டாள். வீறிட்டுக்கொண்டு வந்த பிள்ளை கப்சிப். என் மூச்சுக்கு ஏறி இறங்கிக்கொண்டு கிடக்கிறாள், முதுகு என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அப்போதுதான் பையில் உன் போன் கத்தியது. எடுக்கவில்லை. இன்றைக்கு என்றாலும் எடுக்கமாட்டேன். உன்னைப் பெற்றபோது துணியில் சுற்றி எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள், மறுநாள்தான் முகம் பார்த்தேன், உனக்கு இது தெரியாது.

பெருமையா என்றால் பெருமைதான், ஆனால் அது நீ உட்காரவேண்டிய நாற்காலி, அதுதான் எரிகிறது. பிள்ளை எடை குறைவு, வீட்டிலும் முறைபோட்டு நெஞ்சோடு வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மருமகளுக்குத் தையல் வலி, அவள் கண்ணசந்தால் நான், நான் எழுந்தால் அவள். என் இடுப்பு விட்டுப்போயிற்று. நீயோ பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிறப்ப வர்றேன், இப்ப வந்து என்ன பண்ணப்போறேன் என்கிறாய். என்ன பண்ணுவதா? சட்டையைக் கழற்றிவிட்டுச் சும்மா உட்கார். அதைவிட லேசான வேலை உன் கம்பெனியில் உண்டா? லீவு கேட்க வாய் வராவிட்டால் உன் மேனேஜர் நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன். மருமகள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, எனக்குப் பயமே அதுதான்.

நீ நோய்நொடி இல்லாமல் நல்லா இருக்கணும். பொம்மை கிம்மை எதுவும் வாங்காதே, சென்ட் அடித்துக்கொண்டு வராதே, முன்னால் பட்டன் வைத்த சட்டையாகப் போட்டுக்கொண்டு வா. நாற்காலியை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் முறையையும் சேர்த்துப் பார்க்கும்
அம்மா