சிவப்பு மையில் போட்ட கையெழுத்து

எந்த வீட்டுக்குப் போனாலும் உட்கார மறுக்கும் என் பிரியமான சுலைகா அக்காவுக்கு,

முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியாகிவிட்டது. உடம்பில் தெம்பே இல்லை அக்கா. நீங்கள் மாற்றலாகிப் போன பிறகு உங்கள் மூன்றாம் வகுப்பையும் என் நான்காம் வகுப்போடு சேர்த்து என் தலையில் கட்டிவிட்டார்கள். புது டீச்சர் வருவார், வருவார் என்றே வருஷம் ஓடிவிட்டது. ஒரு பக்கம் வாய்ப்பாடு, ஒரு பக்கம் வாசிப்பு என்று கத்திக் கத்தி, இப்போது வீட்டில் தண்ணீர் கேட்கக்கூடக் குரல் எழும்பவில்லை.

கடைசி நாள் கூட்டாஞ்சோற்றை மட்டும் நான் விடவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசியும் ஒரு காயும் கொண்டுவர, வேப்பமரத்தடியில் கல் கூட்டி நீங்கள் பொங்கிப் போடுவீர்களே, அதேபோல்தான். சோறு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. பிள்ளைகள் அதையும் வழித்துத் தின்றார்கள்.

ஆனால் அதற்கு முந்தின வாரம் நீங்கள் செய்கிற வேலையை நான் செய்யவில்லை. பள்ளி விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு நாகல் நகரில் வீடு வீடாகப் போய் நிற்பீர்கள். கூட்டாஞ்சோறு என்றைக்கு, பிள்ளை எப்படிப் படிக்கிறது, எல்லாவற்றையும் வாசலில் நின்றே சொல்வீர்கள். உள்ளே கூப்பிட்டால், "உக்காந்தா டீ போடுவீக, டீ குடிச்சா அடுத்த வீட்டுக்கு நேரமாயிரும்" என்பீர்கள். நான் பின்னாலேயே கால் வலிக்கிறது என்று முனகிக்கொண்டு வருவேன்.

"ஒரு சீட்டு எழுதிக் குடுத்தனுப்புனா முடிஞ்சுபோச்சு. எதுக்குக்கா இம்புட்டு அலைச்சல்?" என்று ஒருநாள் கேட்டேன். நீங்கள் அடுத்த வாசலுக்குப் போய்விட்டீர்கள். ஏனக்கா, அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?

இந்த வருஷம் நான் சீட்டுத்தான் அனுப்பினேன். கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளையே பார்த்தெழுத வைத்தேன். 'நாளை மறுநாள் கூட்டாஞ்சோறு. ஒரு பிடி அரிசியும் ஒரு காயும் கொடுத்தனுப்பவும்.' அவ்வளவுதான். கையெழுத்துப் பயிற்சியும் ஆச்சு, எனக்கு நடையும் மிச்சம் என்று நினைத்தேன். பரீட்சைத் தாள் திருத்திய பேனா கையில் இருந்தது. அதிலேயே எல்லாச் சீட்டிலும் கையெழுத்துப் போட்டேன், சிவப்பு மையில்.

கூட்டாஞ்சோறு அன்று காலையில் பள்ளி வாசலில் நாலு அம்மாக்கள் நின்றார்கள். ஒருத்திக்குக் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "டீச்சர், எம்புள்ள பெயிலா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே போய் அரிசி எடுத்துவந்தார்கள். நானும் சிரித்தேன். நம் பள்ளியிலிருந்து ஒரு வீட்டுக்குக் காகிதம் போனால் ஒன்று பிள்ளை பெயில், இல்லையென்றால் யார் மண்டையையோ உடைத்திருக்கிறது. நல்ல சேதிக்கு நாம் காகிதமே அனுப்பியதில்லை. அதை நான் யோசிக்கவே இல்லை.

மாரி அன்று வரவில்லை. போன வருஷம் நீங்கள் எழுத்துக்கூட்ட வைத்தீர்களே, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவரின் மகள், அதே மாரிதான். இந்த வருஷம் என் வகுப்பில் அவளைப்போல் வாசிக்க ஆள் கிடையாது. அவள் இல்லாதது என் கண்ணில் பட்டது. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சோற்றைக் கிண்டினேன். எனக்கு அலுப்பு அக்கா, வேறு காரணமே இல்லை.

மூன்று நாள் கழித்து, மாரி ஊரிலேயே இல்லை என்று அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது. அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் அம்மா வெள்ளைத்தாயி முறத்தைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"லெட்டர் வந்துச்சு டீச்சர். அடியில செவப்பா இருந்துச்சு. எனக்கு எழுத்துத் தெரியாது. என்னடி போட்டிருக்குன்னா, ஒரு பிடி அரிசி கேட்டிருக்காகங்கிறா. ஒரு பிடி அரிசிக்கு யாராச்சும் லெட்டர் போடுவாகளா? பெயிலானத மறைக்கிறான்னு ரெண்டு போட்டேன். படிப்பு ஏறலன்னா பூப் பறிக்கட்டும்னு எரியோட்டுல எங்கக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"அதுல போட்டிருந்தது அதான் வெள்ளைத்தாயி. அவ வாசிச்சது நெசம்."

முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப எம்மக பாஸா?" என்றாள்.

"பாஸு. வாசிப்புல அவதான் மொதல்."

மறுநாள் விடியற்காலைப் பஸ்ஸில் இரண்டு பேரும் எரியோட்டுக்குப் போனோம். மல்லிகைத் தோட்டத்தில் மாரி மடியில் பூவோடு நின்றாள். என்னைப் பார்த்து ஓடிவரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"நான் சரியாத்தான வாசிச்சேன் டீச்சர்?"

"ஒரு எழுத்துத் தப்பில்ல தாயி. தப்பு எம்மேலதான்."

வெள்ளைத்தாயி சுருக்குப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினாள். "இன்னொருக்கா வாசி ஆத்தா, கேப்போம்" என்றாள். மாரி வாங்கிப் பார்த்தாள். வாசிக்கவில்லை. மடித்து அம்மா கையிலேயே கொடுத்துவிட்டு அடுத்த செடிக்குப் போனாள். வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதற்கு, "ஸ்கூல் தொறக்கட்டும், பாப்போம்" என்று மட்டும் சொன்னாள்.

நானும் வெள்ளைத்தாயியும் மட்டும் பஸ் ஏறித் திரும்பினோம். மாரி வருவாளா அக்கா? நீங்களாக இருந்தால் அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

உங்கள் குடை பள்ளி அலமாரியிலேயே இருந்தது. வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். ஜூன் பிறந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். முதல் வாசல் மாரியின் வாசல்தான். அங்கே மட்டும் உட்காருவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் அம்மாவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு இந்தக் கடிதத்தை உங்களுக்குத் தபாலில் போடுவதற்கு முன்னால் மாரி கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். முழுக்க நீல மையில்தான் எழுதியிருக்கிறேன். அவள் என்றைக்கு வாசிக்கிறாளோ அதுவரைக்கும் நித்தமும் போவேன். அவள் வாசிக்கிற அன்றைக்கு, மகள் வாசித்தது சரிதானா என்று வெள்ளைத்தாயி என் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

கால் வலிக்கிறது என்று இனி முனகாத
உங்கள் தங்கச்சி,
கமலம்