வெள்ளரித் தோல் தண்ணியும் அம்மாவின் மாத்திரையும்

அன்புள்ள வாயாடி மகளுக்கு,

அப்பா சொல்லிக்கிறது. இங்கே நான் நல்லா இருக்கேன், உங்கம்மா நல்லா இருக்கிறதா நினைச்சுக்கிட்டு இருக்கா, நீயும் மாப்பிள்ளையும் நிஜமாவே நல்லா இருக்கணும். நான் சொல்லச் சொல்லக் கீழ் வீட்டுத் தையல்காரர் எழுதி, தன் போன்ல படம் பிடிச்சு அனுப்புறார். பேசியிருக்கலாமேன்னு கேப்பே. காது மந்தமானதுல இருந்து நான் போன்ல பேசினா தெருமுனை வரைக்கும் கேக்குதாம், மாடியில இருக்கிற உங்கம்மாவுக்குக் கேக்காதா?

போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினியே, வெள்ளரித் தோலை ஊறவெச்ச தண்ணியைக் குடிச்சா ரத்தக் கொதிப்பு ஓடிப்போயிடும், மாத்திரையே வேண்டாம்னு வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தன் சொல்றானே, அதைப் பார்த்த அன்னைக்கே உங்கம்மா மாத்திரையைத் தூக்கி அலமாரி மேல் தட்டுல போட்டுட்டா. தோல் தண்ணி அவளுக்கு, உரிச்ச காய் எனக்கு. காலையில வெள்ளரிக்காய், மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி பசியில்லைன்னு சொல்லிட்டுப் படுத்துடறேன். சிரிக்காதே. அந்த ஆளை எனக்குத் தெரியும்டி. முன்னாடி முடி வளர எண்ணெய்னு ஒரு வீடியோ வந்துதே, அதுல பளபளன்னு சட்டை போட்டுக்கிட்டு நின்னவனும் இவன்தான், அதே கரகரக் குரல், மூக்கோரம் அதே மச்சம். அந்த எண்ணெயை வாங்கித் தேய்ச்சவன் நான், தலையைத் தடவும்போதெல்லாம் அவன் ஞாபகம் வருது. இதைச் சொன்னா, ஏன், ஒருத்தர் ரெண்டு வேலை பார்க்கக் கூடாதாங்கறா உங்கம்மா. கடைசியில பொடி டப்பாவை நீட்டி வாங்கச் சொல்றானேன்னா, அதுக்குள்ள நான் அணைச்சுட்டேங்கறா.

நேத்து துணி காயப்போடப் போனவ தலை சுத்தி வாளியோட உட்கார்ந்துட்டா. அடி ஒண்ணும் படலை, பயப்படாதே. டாக்டரம்மா பார்த்துட்டு, கொதிப்பு ஏறிக் கிடக்கு, யாரைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினீங்க, இன்னைக்கே திரும்பப் போடுங்கன்னு சத்தம் போட்டாங்க. என் பொண்ணு சொன்னான்னு இவ நிமிர்ந்து உட்கார்ந்து சொல்றா. உங்க பொண்ணு டாக்டரான்னு அவங்க கேட்டா, இல்லை, ஆனா என் பொண்ணுங்கறா. வீட்டுக்கு வந்தும் மாத்திரையைத் தொடலை.

நீ அதை முழுசாப் பார்த்திருக்க மாட்டே, பஸ்ல நின்னுக்கிட்டே தட்டி விட்டிருப்பே. உனக்கு அது விரல் நுனி வேலை, இங்கே அது மகள் வாக்கு. ஆபீஸ்ல யாராவது ஒண்ணு சொன்னா ஆதாரம் எங்கேன்னு ஆட்டிப் படைக்கிறவ நீ, இதையும் அப்படிக் கேட்டா என்ன? சொல்றவன் யாரு, கடைசியில எதை விக்கிறான்னு பார்த்துட்டு அனுப்பு.

நோய்நொடி இல்லாம, சிரிச்ச முகமா ரெண்டு பேரும் இருங்க. இதைப் படிச்ச கையோட அம்மாவுக்குப் போன் போடு. நான் எழுதினதாச் சொல்லாதே, அவளைத் திட்டாதே. பார்க்காம அனுப்பிட்டேன்மா, தப்பு என்னுதுன்னு சொல்லி மாத்திரையை எடுத்துட்டு வரச் சொல்லு. தண்ணியோட அவ முழுங்கற சத்தம் கேட்டப்புறம் போனை வை.

இப்படிக்கு,
உன் அப்பா
(கைநாட்டு)