முசியேவின் கூண்டில் மாவுப்பூச்சி

தம்பி,

இன்று காலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "ஆஸ்பத்திரியிலயா வேல பாக்கற?" என்று கேட்டார். என் விரல்களில் ஸ்பிரிட் வாசனை. "இல்லம்மா, தட்டாஞ்சாவடியில பிஸ்கட் பாக்கிங்" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது? என் தம்பியின் பச்சோந்திக் கூண்டில் மாவுப்பூச்சி விழுந்துவிட்டது, பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு வருகிறேன் என்றா? ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ கிடந்த வார்டிலும் இதே வாசனைதான் அடித்தது.

மஞ்சள் காமாலை என்று சேர்த்த ஐந்தாம் நாள் நீ போனாய். அதற்கு முந்தின நாள் உன் பச்சோந்தியை நினைத்துக்கொண்டு, "முசியேக்குத் தண்ணி தெளிச்சியாக்கா?" என்று கேட்டாய். தெளித்தேன் என்றேன். அது உண்மை. உன்னிடம் நான் சொன்ன பொய் வேறொன்று, வருஷக் கணக்கில் பழசு.

நம் ஊர் மேட்டுப்பாளையம் கம்பெனியில் நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் பச்சோந்தியை வாங்கி வந்தாய். வெளிநாட்டு இனம், பதிவுக் காகிதமெல்லாம் சரியாக இருந்தது. மாடி அறையில் உன் உயரத்துக்கு ஒரு வலைக்கூண்டு செய்து, உள்ளே செம்பருத்தித் தொட்டியும் மணி பிளான்ட்டும் வைத்தாய். காட்டைப் பெயர்த்து வீட்டுக்குள் வைத்தது போலிருந்தது. நான் ஓணான் என்று சொன்னபோதெல்லாம், "ஓணான் இல்லக்கா, பச்சோந்தி" என்று சலிக்காமல் திருத்தினாய்.

ஒரு நாள் நீ டூட்டிக்குப் போன பிறகு கூண்டைச் சுற்றி எறும்பு வரிசை. பச்சோந்தியைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அடுப்படியில் போடும் எறும்புப் பொடியை எடுத்து வந்து கூண்டின் அடியில் நாலு பக்கமும் தூவினேன். எறும்பு செத்தது. நீ தீனிக்கு விட்டிருந்த பூச்சிகள் அந்தப் பொடியில் நடந்திருக்கும் என்றோ, பச்சோந்தி அவற்றைத் தின்னும் என்றோ எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாம் நாள் அது கிளையிலிருந்து விழுந்து கிடந்தது. நீ வருவதற்குள் ஈரத்துணியால் பொடியைத் துடைத்துவிட்டேன்.

"அக்கா, எதுனா மருந்து போட்டியா?"

"இல்லடா. நான் எதுக்குப் போடப்போறேன்?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு கூண்டைக் கழுவப் போனாய். ஒன்பது நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து முசியே வந்தான். ஓர் அடி வைத்து, நின்று, யோசித்து, மறு அடி வைப்பான். "நம்ம தெருவுல பிரெஞ்சு பென்ஷன் வாங்குற பெரியவர முசியேன்னு கூப்பிடறாங்களே, அவர் மாதிரியே நடக்கறான் பாருக்கா" என்று நீ சிரித்தாய். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. இந்த முறை கூண்டின் நாலு காலுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாய். வைத்துவிட்டு, "எறும்பு வந்தா என்னக் கூப்பிடுக்கா. நான் பாத்துக்கறேன்" என்றாய். சரி என்று தலையாட்டினேன்.

நீ போன மறு மாதமே செம்பருத்தியில் வெள்ளை தெரிந்தது. முதலில் பஞ்சு பறந்து ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். இலைக்காம்பின் இடுக்கில், தண்டில், மொட்டின் கழுத்தில் எல்லாம் மாவு அப்பியது போல. இலைகள் பிசுபிசுத்தன. அந்தப் பிசுபிசுப்பைத் தேடி எறும்பும் வந்துவிட்டது. ஒரு காலையில் முசியேவின் கண்ணிமை ஓரத்தில் இரண்டு எறும்புகள். அவன் உடம்பெல்லாம் கருத்து, கண்ணை மூடிக்கொண்டு கிளையில் நின்றான். ஓடக்கூடத் தெரியாத பிராணி.

நர்சரியில் கேட்டேன். "இந்தப் பூச்சி மருந்த ஒரு மூடி கலந்து அடிங்கக்கா, மறுநாள் ஒண்ணும் இருக்காது" என்றார் கடைக்காரர். ஒன்றும் இருக்காது என்பதுதான் என் பயம். சும்மா திரும்பி வந்தேன். என் வீட்டுக்காரர், உன் மாமாவும் அதையே சொன்னார். "மருந்த அடி, இல்லன்னா யாராவது வளக்கறவங்களுக்குக் குடுத்துடு. இத வச்சிக்கினு நீ இன்னா பண்ணப்போற?"

"அடிக்கவும் மாட்டேன். குடுக்கவும் மாட்டேன்" என்றேன்.

முசியேவை ஒரு குச்சியில் ஏற்றித் துணி காயவைக்கும் ஸ்டாண்டுக்கு மாற்றினேன். கூண்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு தொட்டியாக வெளியே எடுத்தேன். செம்பருத்தியைக் காப்பாற்ற முடியவில்லை, அடிவரை வெட்டிக் கவரில் கட்டிப் போட்டேன். மற்ற செடிகளின் இலைகளைத் திருப்பித் திருப்பி, ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்து, நீ செய்ய நான் பார்த்தது போலவே பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்தேன். பிறகு குழாயடியில் நன்றாகக் கழுவி, வாசனை போகும்வரை வெயிலில் வைத்துத்தான் உள்ளே வைத்தேன். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம் இதுதான் வேலை.

எட்டாம் நாள் மறுபடி வெள்ளை. அன்றைக்கு அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டிகளைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். தொட்டி விளிம்பின் உள்மடிப்பில் குஞ்சும் முட்டையுமாக அடைந்து கிடந்தது. பழைய தொட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, மண்ணையும் மாற்றினேன்.

எறும்பு மட்டும் நிற்கவில்லை. நாலு கிண்ணத்திலும் தண்ணீர் தளும்பத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரே ஓர் எறும்பைக் கண்ணால் பிடித்துக்கொண்டேன். அது இலையிலிருந்து தண்டுக்கு வந்தது. தண்டிலிருந்து மேலே போனது. தொட்டியை உள்ளே வைக்கும்போதெல்லாம் நானே வலையின் ஓட்டை வழியாக வெளியே இழுத்துவிட்ட மணி பிளான்ட் கொடியில் ஏறி, ஜன்னல் கம்பிக்குப் போய்ச் சுவர் வெடிப்பில் நுழைந்தது. கொடிதான் பாலம். எத்தனை முறை பார்த்தும் நான் பார்க்காத பாலம். கத்தரிக்கோலால் ஒரே வெட்டு.

அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உன் மாமா உள்ளே வந்தார். "ஏம்மா, உனக்கு இன்னாத்துக்கு இவ்ளோ புடிவாதம்?"

எத்தனையோ வருஷம் சொல்லாதது அன்று வெளியே வந்துவிட்டது. "மொதல்ல செத்துச்சே ஒண்ணு, அது தானா சாவலங்க. நான்தான் எறும்புப் பொடி போட்டேன். அவன் கேட்டப்போ இல்லன்னுட்டேன்."

அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அவனுக்குத் தெரியும்மா."

"என்னா தெரியும்?"

"கூண்டக் கழுவும்போதே இடுக்குல மிச்சமிருந்த பொடியப் பாத்துட்டான். எங்கிட்ட வந்து சொன்னான். அக்காகிட்ட கேட்டுடாத மாமா, நல்லதுன்னு நெனச்சித்தான் போட்டிருக்கும், எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அழுவும்னான்."

தரையெல்லாம் வெட்டின கொடி கிடந்தது. நான் அதைப் பொறுக்கினேன். உன் மாமா எழுந்து, புது மண் நிரப்பிய தொட்டியை மாடிப்படியில் சுமந்துகொண்டு வந்து வைத்தார். அன்றிலிருந்து காலையில் இலை திருப்ப அவரும் வருகிறார்.

இப்போது கூண்டில் புதுச் செம்பருத்தி நிற்கிறது. முசியே பச்சைக்குத் திரும்பிவிட்டான். போன வாரம் நாக்கை நீட்டி என் கையிலிருந்தே பூச்சியைப் பறித்தான். மாவுப்பூச்சி அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இன்று காலையிலும் ஓர் இலையடியில் மூன்று இருந்தன. இருக்கட்டும். அவை வர வர நானும் எடுப்பேன்.

நான்தான் போட்டேன் தம்பி. உனக்குத் தெரியும் என்று தெரிந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும் என்றிருந்தது. நீ உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும். நீ திட்டியிருக்க மாட்டாய் என்பது இப்போது புரிகிறது, அதனால் இன்னும் வலிக்கிறது.

நேற்று எங்கள் பாக்கிங் ஹாலில் புதிதாகச் சேர்ந்த பெண் அட்டைப்பெட்டிகளைத் தவறான இடத்தில் அடுக்கி, ஒரு லாட் பிஸ்கட் முழுக்க நசுங்கிவிட்டது. யார் அடுக்கியது என்று சூப்பர்வைசர் கத்தினார். அவள் "நான் இல்ல சார்" என்றாள். அவள் அடுக்கியதை நான் பார்த்திருந்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். நான் காட்டிக்கொடுக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நாளைக்கு அடுக்கும்போது என்னக் கூப்பிடும்மா. சேந்து பாத்துக்கலாம்" என்றேன்.