குழலில் வந்த எழுத்து

டிசம்பர் 9
நான் ஓட்டும் பள்ளிப் பேருந்து காலையில் கிளம்பவே மாட்டேன் என்றது. அப்படி ஒரு குளிர். அப்பாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டித்து, சிக்கிமுக்கிக் கல்லால் சுடும் பழைய காலத் துப்பாக்கிக்கான மான் வேட்டை தொடங்குகிறது. அதற்குள் அவருடைய துப்பாக்கிக் குழலுக்குத் துரு ஏற்றிப் பழுப்பாக்கித் தர வேண்டும். பளபளத்தால் மான் கண்டுகொள்ளுமாம். பத்து வருஷம் முன்னால் புதுசாக வாங்கினேன் என்றார்; அன்றிலிருந்து கிரீஸ் பூசிப் பரணில் கிடந்த குழல். அவர் கை நடுங்குகிறது, வேலை என் தலையில்.

டிசம்பர் 11
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, இரு முனையிலும் மரக்கட்டை அடைத்து, துருப்பிடிக்க வைக்கும் மருந்து தடவினேன். துரு வரவில்லை. அடுப்பெரியும் வீட்டில் காற்றில் ஈரமே கிடையாது. வேண்டாத இடத்தில் தானாக வரும் சனியன், இப்போது கெஞ்ச வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 13
குளியலறையில் குழலைத் தொங்கவிட்டு வெந்நீரைத் திறந்துவிட்டேன். ஆவியில் பிடித்துக்கொண்டது. பழைய ஜீன்ஸ் துணியால் தேய்த்துவிட்டு இரண்டாம் பூச்சு. "குழல் குளிக்குது, நான் நாறுறேன்" என்றார் அப்பா.

டிசம்பர் 15
மூன்றாம் பூச்சு. குழலின் மேல்பக்கத்தில் ஏதோ கறை. என் விரல் எண்ணெய்தான் என்று திட்டிக்கொண்டே விளக்கருகே கொண்டுபோனேன். கறையில்லை. ஈ. எச்., பக்கத்தில் நட்சத்திரம். எல்வுட் ஹோயர். அப்பாவின் முத்திரை.

யாரோ அரத்தால் ராவி எடுத்திருக்கிறார்கள். எழுத்து போனாலும், முத்திரை குத்தியபோது அடியில் இரும்பு அடி வாங்கியிருக்கிறதே, அங்கே துரு வேறு நிறமாகப் பிடிக்கிறது.

இது அந்தத் துப்பாக்கி. தம்பி மெர்ல் திருடி விற்றுக் குடித்துவிட்டான் என்று பதினோரு வருஷம் முன்னால் அப்பா அவனை விரட்டினாரே — அதே துப்பாக்கி. எழுத முடியல.

டிசம்பர் 16
எப்படி இங்க வந்துச்சு?

டிசம்பர் 17
குழலை அவர் மடியில் வைத்துக் கேட்டேன். எழுத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னார். வேட்டைக் குடிசையின் உத்தரத்தில் அவரே வைத்து மறந்திருக்கிறார். அடுத்த வருஷம் கிடைத்திருக்கிறது. துப்பாக்கியை மறந்து வைப்பவன் வேட்டைக்காரனே இல்லை என்று ஊரெல்லாம் பேசியவராயிற்றே. துப்பாக்கியின் மரப்பிடியை அடுப்பில் போட்டுவிட்டு, முத்திரையை ராவிவிட்டு, புதுக் குழல் வாங்கினேன் என்று என்னிடம் சொன்னார். நானும் நம்பினேன்.

"அப்பவே அவனக் கூப்பிட்டிருக்கலாமேப்பா?"

"கூப்பிட்டு என்னன்னு சொல்றது?"

பத்து வருஷம்! என்ன மனுஷன் இவர்? நான் மட்டும் என்ன யோக்கியம் — அவன் போன் செய்தபோது, திருடனோடு எனக்கென்ன பேச்சு என்று போனை வைத்தவள்தானே.

டிசம்பர் 20
மறுபடி ராவிவிடச் சொன்னார். முடியாது என்றேன். துரு மேலும் ஏறாமல் நிற்க, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் கழுவி எண்ணெய் போட்டேன். எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

டிசம்பர் 22
மெர்ல் இப்போது இருக்கும் ஒஹாயோவுக்குப் போன் போட்டு அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்தவில்லை.

"துப்பாக்கி கெடச்சதாலதானே கூப்பிட்ட? கெடைக்கலன்னா நான் திருடன்தானேக்கா?"

அழுதேன். அவன் வைத்துவிட்டான்.

டிசம்பர் 26
வேட்டை தொடங்கிவிட்டது. மலைப்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. அப்பா வேட்டைச் சட்டையை எடுக்கவில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவன் நம்பரைப் போட்டுக் கொடு என்றார். கொடுத்தேன்.

"மெர்ல், ராவினது நான்தான்."

அவன் போனை வைத்துவிட்டது எனக்கே கேட்டது. அப்பா போனைக் காதிலேயே வைத்திருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"இன்னொரு தடவ போடு."