சுகந்தியின் அண்ணன்

ஞாயிறு, பேர்லேண்ட், அமெரிக்கா.

மதியம் எங்கள் வீட்டு விருந்தில் கணவரின் நண்பர் ரகு மறுபடி ஆரம்பித்தார். "அந்தக் காலத்துல அமெரிக்கத் தூதரகப் பணயக்கைதிகளை இங்க எலக்‌ஷன் முடியுற வரைக்கும் வேணும்னே விடல. எல்லாம் டீல்! அவங்க ஃபேமிலிக்கும் தெரியும்." சிலர் சிரித்தார்கள்.

யாழ்ப்பாணத்து டாக்டர் சுகந்தி தட்டைக் கீழே வைத்தாள். "என்ர அண்ணாவைக் கடத்தினபோதும் நாடகம் எண்டுதான் சனம் கதைச்சது. அம்மா அதையும் கேட்டுக்கொண்டுதான் தேடினவா. டீல் நடந்ததோ, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அந்த வீட்டு ஆக்களைப் பற்றிச் சொல்லாதேங்கோ."

குரல் உயரவே இல்லை. ரகு தயங்கி, "அண்ணன் திரும்பி வந்தாரா?" என்று கேட்டார்.

"வரேல்லை."

பிறகு அவளே அவருக்குப் பாயசம் ஊற்றிக் கொடுத்தாள். எனக்கு அந்த மனசு வராது. இத்தனை வருஷப் பழக்கத்தில், அவளுக்கு அண்ணன் இருந்ததே இன்றுதான் தெரிந்தது. நாளை போன் செய்து அவர் பெயரையாவது கேட்க வேண்டும்.