இந்த வருஷத்து வடகம்

பசியாவரம்
2.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஜமுனா எழுதுவது. நான், அத்தை, குழந்தை திவ்யா மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீங்களும் உங்கள் தம்பியும் அங்கே அதுபோல இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும்.

உங்கள் முதல் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. மீன் பிடிக்கப் போன கடலில் எல்லை தாண்டியதாகச் சொல்லி உங்கள் இருவரையும் படகோடு பிடித்து நாற்பது நாளாகிறது. அத்தனை நாளும் செல்போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கிடந்தேன். கடைசியில் பார்த்தால் அந்த நாட்டுச் சிறையில் போனே கிடையாதாம், காகிதம்தானாம். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி, இப்போது புருஷனுக்கு எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாததால் நான்தான் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் ஒரே கையா கீதே. சின்னவன் ஒரு வரி எழுதலையா?" என்றார். அடுத்த முறை ரஞ்சித்தை அவன் கையாலேயே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அவனுக்கு மூச்சிழுப்பு வருகிறதா? கொண்டுபோன மருந்து இந்நேரம் தீர்ந்திருக்கும். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள்
ஜமுனா

*

24.3.2025

அன்பு ஜமுனாவுக்கு,

உன் கடிதம் வந்தது. பிரித்துத்தான் கொடுத்தார்கள். வருவதைப் பிரித்துப் பார்ப்பதோடு சரி, போவதைத்தான் தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து வரி வரியாகப் படிக்கிறார்கள். சிறையைப் பற்றியோ நோயைப் பற்றியோ எழுதினால் கடிதம் குப்பைக்குப் போய்விடும்; இதை வீட்டுக்குத் தெரிவிக்கச் சொன்னதே அவர்கள்தான். நான் எழுதியதில் இரண்டு அப்படிப் போயிற்று. வீடு, குழந்தை, சமையல் என்றால் விட்டுவிடுகிறார்கள். ஆகவே சமையலையே எழுதுகிறேன்.

இங்கே மத்தியானம் வெறும் பருப்பு. தாளிப்பு என்று ஒன்று உண்டு என்பதே இவர்களுக்குத் தெரியாது. முதல் வாரம் நானும் ரஞ்சித்தும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அம்மாவின் இறால் குழம்பைப் பற்றியே பேசினோம். அந்த வெங்காய வடகம் எண்ணெயில் பொரிகிற வாசனை இருக்கிறதே, அதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு ரொட்டி அதிகம் தின்றோம்.

நைனா இறந்த வருஷம் நீ இன்னும் மருமகளாக நம் வீட்டுக்கு வந்திருக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் வடகம் போடக்கூடாது என்று அம்மா வெங்காயக் கூடைப் பக்கமே போகவில்லை. ரஞ்சித்துக்கு அப்போது பத்து வயது. "நைனாவும் இல்ல, வடகமும் இல்ல, இன்னாத்துக்குத் துன்னணும்?" என்று தட்டைத் தள்ளிவிட்டான். அதை நான் ஞாபகப்படுத்தினேன். ரொம்ப நேரம் சிரித்தான்.

போன வாரம் அவனை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதனால்தான் அவன் கையால் எழுதி வாங்க முடியவில்லை. இதற்கு மேல் கேட்காதே. அம்மாவிடம் அவன் நன்றாக இருக்கிறான் என்று சொல்.

கார்த்திக்

*

பசியாவரம்
10.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கேட்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிக் கேட்காமல் இருப்பது? வேறு கட்டடம் என்றால் என்ன கட்டடம்? ஆஸ்பத்திரியா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். சிங்காரம் அண்ணன் தபால் பையோடு தெருவில் நுழைந்தால் போட்டதைப் போட்டபடி வாசலுக்கு ஓடிவந்து நிற்கிறேன். அவர் நம் வீட்டைத் தாண்டிப் போனால் நிம்மதியாகவும் இருக்கிறது, அழுகையாகவும் வருகிறது.

அத்தையிடம் அவனைக் காற்றோட்டமான அறைக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். "அப்படியா, இழுப்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு, மறுநாளே ஆரம்பாக்கத்துக்குப் போய்ச் சின்ன வெங்காயம் இருபது கிலோ வாங்கி வந்துவிட்டார். வழக்கமாகப் பத்துதான். "சின்னவன் வந்து ஒரு வருஷப் பசிக்குத் துன்னுவான்" என்கிறார்.

வெங்காயத்தை உள்ளறையில் நிழலில் பரப்பிக் காயவைத்திருக்கிறோம். தோல் சலசலக்க வேண்டும், காம்பு சுருங்க வேண்டும், அதுவரைக்கும் அரிவாள்மணையைத் தொட விடமாட்டாராம். கத்திரி வெயில் பிறந்ததும் நறுக்கிப் பூண்டு, கடுகு, வெந்தயம், உளுத்தம்பருப்பு, மஞ்சள், உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்து உருட்டப் போகிறார்.

காக்காய்க்காக மேலே மூட ரஞ்சித்தின் இறால் வலையை எடுத்து வைத்தேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உப்பு ஏரியிலே கெடந்த வலையை அப்படியேவா போடுவே? அதுல ஏறின உப்பு ராவெல்லாம் ஈரத்தை இஸ்த்துக்கும். வடகம் பூசணம் பூத்துடும்" என்று சொல்லி, மூன்று குடம் நல்ல தண்ணீரில் வலையை அலசினார். மூன்றாவது குடத்தில் கையை நிறுத்திக்கொண்டு, "இது அவன் முடிஞ்ச முடிச்சு" என்று ஒன்றைத் தடவிக் காட்டினார். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல உள்ளே போய்விட்டேன்.

மாமா, எனக்குப் பயமாக இருக்கிறது. தெரியாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. சமையலை எழுதினால் விடுவார்கள் என்றீர்களே, சமையலிலேயே எனக்குப் பதில் எழுதுங்கள். நான் புரிந்துகொள்வேன்.

உங்கள்
ஜமுனா

*

25.4.2025

அன்பு ஜமுனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

நான் நலம்.

திவ்யாவுக்கு என் முத்தம்.

இந்த வருஷம் வடகம் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்.

கார்த்திக்

*

பசியாவரம்
10.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. வடகத்துக்கு அது ஆறாவது வெயில்.

முற்றத்துப் பாயில் உருண்டைகள் பாதி காய்ந்து கறுத்திருந்தன. அத்தை நடுவில் உட்கார்ந்து வலையைத் தூக்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். சிங்காரம் அண்ணன் கடிதத்தை என் கையில் கொடுத்ததும், "நின்னுகினு கீறியே, படி" என்றார்.

கடிதம் கிடைத்தது என்பதைப் படித்தேன். நீங்கள் நலம் என்பதைப் படித்தேன். திவ்யாவுக்கு முத்தம் என்பதையும் படித்தேன். அதோடு மடித்துவிட்டேன். நான்தானே சமையலில் எழுதுங்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது மாமா.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து காகிதத்தை வாங்கினார். பிரித்து, மேலிருந்து விரலை வைத்து எண்ணினார். "நடுவுல நாலு வரி கீது. மூணுதான் படிச்சே" என்றார்.

"உப்பைக் கொறைச்சுப் போடச் சொல்லிக் கீறாரு அத்தே."

"அதுக்கு ஏண்டி படிக்காம மடிச்சே?"

அதற்குப் பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. நான்காவது வரியையும் படித்தேன்.

அவர் அலறவில்லை. அலறியிருந்தால் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். வலையை எடுத்து, ஒட்டியிருந்த கடுகை உதறி, ரஞ்சித் மடிக்கிற மாதிரியே மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். பாயில் இருந்த வடகம் முழுவதையும் கூடையில் அள்ளி, "சூசையம்மா வூட்ல குடுத்துட்டு வா. இனி நம்ம வூட்ல இது இருக்கக் கூடாது" என்றார். இருபது கிலோ வெங்காயம் காய்ந்து ஒரு கூடைக்குள் அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுச் சூசையம்மாள் வாசலில் கூடையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார்.

நான் திரும்பி வந்தபோது அத்தை அதே வெறும் பாயில் உட்கார்ந்திருந்தார். இன்று காலை வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திவ்யா மடியில் போய் உட்கார்ந்தால் அவளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். குழந்தை மிரண்டுபோய் என்னைப் பார்க்கிறாள்.

எனக்கு இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. உங்களுக்கு இருமல் இருக்கிறதா? அவனைக் கொண்டுபோனது இழுப்புதானா, ஒட்டிக்கொள்கிற வேறு நோயா? அவன் பக்கத்தில்தானே படுத்திருந்தீர்கள்? இதற்குச் சமையலில் பதில் வேண்டாம். நேராகவே எழுதுங்கள். குப்பையில் போட்டால் போடட்டும், மறுபடி எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு காகிதமாவது உங்கள் கையெழுத்தில் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது அத்தை என் பக்கம் திரும்பினார். "எந்தத் தேதின்னு எழுதிக் கீறானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கேட்டு எழுது. வருஷா வருஷம் அவனுக்கு வௌக்கு வைக்கணும்" என்றார்.

எந்தத் தேதியிலிருந்து வடகம் போடக்கூடாது என்று மட்டும் எழுதுங்கள் மாமா.

உங்கள்
ஜமுனா